தறிக்குழித் தண்ணீர்

பிள்ளையார்பாளையத்துக்கு வந்து லில்லி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கொசுவலைக்காரம்மா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். வாசல் கதவுக்கு வலை, ஜன்னலுக்கு வலை, கக்கூஸ் குழாயின் வாய்க்கும் வலை, தண்ணீர் டிரம்முக்குப் பழைய பாவாடைத் துணியில் நாடா வைத்துத் தைத்த உறை. "உம் புருஷனுக்கு மட்டுந்தான் இன்னும் வலை கட்டல" என்று தெருப் பெண்கள் கேலி பேசுவார்கள். "அவருது எருமத் தோலு. கொசுவுக்குத்தான் மூக்கு ஒடியும்" என்று லில்லியும் விடமாட்டாள்.

அவள் வீட்டில் தினமும் ஏழு பிள்ளைகள். ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள், காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் நின்ற கால் நிற்கப் புடவை விரித்துக் காட்டுகிற பெண்கள், காலை ஏழரைக்குள் பிள்ளையையும் டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். ஒன்றைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று போய் வைக்கும். ஒன்று சிரிக்கிற நேரம் பார்த்து இரண்டு அழும். உதவிக்கு அண்ணன் பெண்டாட்டி எஸ்தர் இருந்தாள். லில்லியின் அம்மா பிறத்தியார் கழனியில் நடவு நட்டவள். லில்லி வரப்பில் சாக்கு விரித்துக் கிடந்து, எறும்பும் கொசுவும் தின்றது போக மிச்சம் வளர்ந்தவள். தன்னை நம்பி விட்ட பிள்ளை ஒன்றுகூட அப்படிக் கிடக்கக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது.

வீடு ராமராஜன் என்கிற நெசவாளருடையது. அவர் தறியைச் சங்கத்துக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் மகனோடு இருந்தார். கூடத்தில் இரண்டு தறிக்குழிகள் இருந்தன. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால் இரண்டையும் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்காகத் தோண்டிய பள்ளங்கள். ஒன்றை மண் கொட்டி மூடியிருந்தார். மற்றதை மூட அவருக்குக் கை வரவில்லை.

"ஒண்ணாவது இருக்கட்டும்மா. பலகை போட்டு மூடிக்கினா உனுக்கு இன்னா கஷ்டம்?" என்றார்.

லில்லி பலகை போடும் முன் உள்ளே இறங்கிப் பார்த்தாள். அடியெல்லாம் மணல். ஓரத்தில் ஒரு பூரான் ஓடியது. போதாதா? மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து அடியும் பக்கமும் சிமெண்டு பூசி வழவழவென்று ஆக்கிவிட்டாள். அதன் மேல் கனத்த பலகைகள், பலகை மேல் கோரைப்பாய், பாயின் மேல் பிள்ளைகள்.

சித்திரை வந்தது. ஷீட்டு போட்ட கூரை. மத்தியானத்தில் கூடம் அடுப்பாகக் கொதித்தது. பிள்ளைகள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு கத்தின. ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்த ராமராஜன் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"நாங்க நெய்யறப்ப, வெயில் நாள்ல நூலு வறண்டு சும்மா சும்மா அறுந்துடும்மா. குழியில நாலு குடம் தண்ணி ஊத்தி வெப்போம். கீழருந்து ஈரக்காத்து வரும், இழைங்க பதமா நிக்கும். பட்டுக்கே அது சொகம்னா புள்ளைங்களுக்கு இன்னா?"

லில்லி மூலைப் பலகையைத் தூக்கி நாலு குடம் ஊற்றினாள். மத்தியானத்துக்குள் பலகை இடுக்கு வழியாகக் குளிர்ச்சி ஏறியது. பிள்ளைகள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கின. அன்றிலிருந்து காலையில் கூடத்தைப் பெருக்கியதும் ஒரு குடம் ஊற்றுவது அவளுடைய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்களே, அந்த வருஷமும் அப்படித்தான், பகலெல்லாம் காய்ந்து பொழுது சாய்ந்து பெய்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பிள்ளைகளை விட வரும் தாய்மார்களிடம், "எங்க வூட்ல ஏசி இருக்குது தெரியுமா? கரண்டு கட்டானாலும் ஓடும்" என்று பெருமை வேறு அடித்துக்கொள்வாள்.

அந்த ஏழில் ஒன்று ஸ்ரேயா. இரண்டரை வயது. முசரவாக்கத்து ஜைனக் குடும்பம். அப்பா ஜீவகுமார் நிலமும் நெல் வியாபாரமும் பார்த்தான். அம்மா அஞ்சனாவுக்கு டவுனுக்குள் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேராத டப்பாவோடு பிள்ளை வரும். அதற்கென்று லில்லி தனிக் கிண்ணம், தனிக் கரண்டி வைத்திருந்தாள். மற்ற டப்பாக்களில் முட்டை இருந்தால் அதை முதலில் ஊட்டி முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் ஸ்ரேயாவுக்குப் பருப்பும் நெய்யும் பிசைவாள். பிள்ளைக்கு ல வராது. "இய்யிம்மா, இய்யிம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் திரியும். எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று லில்லி வாயால் சொல்வாள். எஸ்தருக்குத் தெரியும் அது பொய் என்று.

வந்த முதல் வாரத்தில் அஞ்சனா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பேட்டு வெச்சு கொசு அடிக்கறீங்களே, பட்டு பட்டுனு வெடிக்குதே..."

"ஏம்மா, புள்ள சத்தத்துக்குப் பயப்படுதா?"

"பயம் இல்லக்கா. அவ முன்னால எதையும் கொல்ல வேணாம்னு பாக்கறோம். எங்க வீட்ல எறும்பு வந்தாக்கூட ஓரமா தள்ளித்தான் விடுவோம். கொசுவுக்கும் வலை கட்டிக்கறதோட சரி."

லில்லி வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வூட்ல கோழியே உசுரோட தங்காது. கொசுவா தங்கும்?" பிறகு அந்தப் பெண்ணின் முகம் சுண்டியதைப் பார்த்து மனசு இளகி, பேட்டை எடுத்துப் பரண்மேல் போட்டாள். "போ, உம் புள்ளைக்காகப் போட்டுட்டேன். கொல்லாம காப்பாத்தத் தெரியாதா எனுக்கு?"

சொன்னபடி செய்தாள். பிள்ளைகளுக்கெல்லாம் முழுக்கை சட்டை, கால் மூடின பேன்ட். செவ்வாயும் வெள்ளியும் டிரம்மைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மழை பெய்த மறுநாள் சந்துக்குள் போய், யார் வீட்டுக் கொட்டாங்கச்சியானாலும் குப்புறக் கவிழ்த்துவிட்டு வருவாள். ஐந்து மணிக்குக் கதவையெல்லாம் சாத்தி நொச்சித்தழை போட்டுப் புகை காட்டுவாள். பொழுது சாய்ந்தால்தான் கொசு வரும் என்பது அவள் வரப்பில் கிடந்த காலத்திலிருந்து தெரிந்த சங்கதி.

ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்த ஸ்ரேயாவின் பேன்ட் முழங்கால்வரை ஏறிக் கிடந்தது. கெண்டைக்காலில் வரிசையாக மூன்று சிவப்புத் தடிப்பு. லில்லி பார்த்தாள். பட்டப்பகலில் ஏது கொசு, வேர்க்குருதான் என்று சந்தனத்தை உரசித் தடவிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். அஞ்சனா லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மருந்து கொடுத்தார், ரத்தம் எடுத்தார். வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, காய்ச்சல் விட்டுடுச்சு! உடம்பே தொட்டா சுடல. இட்லி கேக்கறா!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ரெண்டு நாள் ரெஸ்ட்டு குடுத்து கூட்டினு வா. புள்ள இல்லாம வூடே வெறிச்சுனு இருக்குது."

காய்ச்சல் விட்டபிறகுதான் அந்த நோயின் ஆபத்தே ஆரம்பிக்கும் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது. அன்று மாலை பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் துவண்டது. ராத்திரியோடு ராத்திரியாக மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜீவகுமார் பேசினான்.

"டெங்குவாம்க்கா. ஐ.சி.யூல வெச்சிருக்காங்க. எங்க தங்கியிருந்தா, பகல்ல எங்க விடுவீங்கன்னு கேட்டாங்க, உங்க அட்ரஸ் குடுத்திருக்கேன். கொசு பாக்கறவங்க வருவாங்களாம். தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதுல இன்னாப்பா தப்பு. வரட்டும். எங்க வூட்ல ஒரு சொட்டு தண்ணி தொறந்து இருக்காது. நீ புள்ளையப் பாரு" என்றாள் லில்லி. சொல்லும்போது அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அழுதுகொண்டே கூடத்தைப் பெருக்கினாள். பாயைச் சுருட்டினாள். வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு மூலைப் பலகையைத் தூக்கினாள். கைகள் பாட்டுக்குச் செய்கிற வேலை அது. குடத்தைச் சரிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, டார்ச்ச எடுத்துக்கினு வா."

"இன்னாத்துக்கு?"

"எடுத்துக்கினு வாயேன்."

எஸ்தர் வெளிச்சம் அடித்தாள். முழங்கால் அளவு தண்ணீர். தெளிந்த தண்ணீர். வெளிச்சம் பட்டதும் அது முழுக்க நெளிந்தது. மேலே மிதந்த புழுக்கள் தலைகீழாகச் சுருண்டு சுருண்டு அடிக்குப் போயின. சிமெண்டுச் சுவரில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த கொசுக்களில் நாலைந்து, கால்களில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசுக்கள், பலகை இடுக்கு வழியாகக் கூடத்துக்குள் பறந்து வந்தன.

"தெனம் ஊத்தறமே லில்லி. புதுத் தண்ணிதானே இது?" என்றாள் எஸ்தர்.

"ஊத்தினோம் அண்ணி. என்னிக்கி எறைச்சோம்?"

எஸ்தர் டார்ச்சை அணைத்தாள்.

"ராமராஜன் ஐயா ஊத்தினது மண்ணுல. மண்ணு குடிச்சிடும். நான் சிமெண்டு பூசிட்டேன். சிமெண்டு எங்க குடிக்கும்?" லில்லியின் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "வெளியில கீற கொட்டாங்கச்சியெல்லாம் கவுத்தேன். புள்ளைங்கள இதும் மேலயே படுக்க வெச்சேன்."

அழுவதற்கு நேரமில்லை. ஏழரைக்குப் பிள்ளைகள் வந்துவிடும். பெண்கள் இருவரும் குழிக்குள் இறங்கி வாளி வாளியாக இறைத்து வாசல் மண்ணில் கொட்டினார்கள். வெயிலில் புழுக்கள் துடித்து அடங்கின. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பழந்துணியால் ஒற்றி எடுத்து, மேஜை ஃபேனைக் குழிக்குள் இறக்கிக் காயவைத்தார்கள். பலகையை மூடிப் பாயை விரித்தபோது லில்லியின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் ஆனந்தராஜ் இரண்டு பெண்களோடு வந்தார். அவர் தெருமுனையில் இறங்கும்போதே லில்லி பார்த்துவிட்டாள். பார்த்ததும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஜனனியைத் தூக்கிவந்து அந்தப் பலகைக்கு நேர் மேலே பாயில் போட்டுத் தட்டினாள். பிள்ளைக்குத் தூக்கம் வருகிற நேரம்தான். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போயிற்று. இதை அவள் யோசித்துச் செய்யவில்லை என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒருமுறைகூட அவளால் நம்ப முடியவில்லை.

ஆனந்தராஜ் டிரம் உறையை அவிழ்த்துப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். பூந்தொட்டித் தட்டு, தண்ணித் தொட்டி, மாடிமேல் கிடந்த சாக்கு என்று ஒன்று விடவில்லை.

"இது சாக்கடைக் கொசு இல்லம்மா. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். கடிக்கறதும் பகல்லதான். காலையில, மத்தியானத்துக்கு மேல. நீங்கல்லாம் சாயங்காலம் பொகை போட்டு ஒண்ணும் ஆவாது."

"தெரியாதுங்க சார்" என்றாள் லில்லி.

"நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது." அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பாயில் தூங்கும் பிள்ளையைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "பாய தூக்கிப் பாக்கலாமா சார்?" என்று கேட்ட பெண்ணிடம், "புள்ள தூங்குதும்மா, எழுப்பாத. பாயில இன்னா தண்ணியா நிக்கப்போவுது?" என்றார்.

பக்கத்துக் காலி மனையில், யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த கக்கூஸ் பீங்கானில் புழு கிடைத்தது. மனைக்காரருக்கு நோட்டீஸ் என்றார்கள். போகும்போது ஆனந்தராஜ் வாசலில் நின்று தெருவே கேட்கச் சொன்னார். "இந்தம்மா வூட்டப் பாத்து கத்துக்கங்க. புள்ளைங்க இருக்கற வூடுன்னா இப்படி இருக்கணும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரேயா செத்துப்போனது.

முசரவாக்கத்தில் பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பிறந்தநாளுக்கென்று எடுத்துவைத்த பட்டுப் பாவாடை உடுத்தியிருந்தார்கள். அது இரண்டு விரல் நீளமாக, பாதம் தெரியாமல் மூடியிருந்தது. வளர்கிற பிள்ளை என்று நீளமாகத் தைத்தது. லில்லி சுவரோரம் நின்றாள். அவளால் வாய்விட்டு அழ முடியவில்லை. அழுதால் சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. லில்லியை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்த தாய்மார்கள், ஆபீசரே நற்சான்று கொடுத்துவிட்டார் என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். "நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க, அந்தக் காலி மனைக்காரன் பாவம் நம்ம புள்ளைங்க மேல விடியுது" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்கள். லில்லி ராமராஜனிடம் கேட்டுக்கொண்டு குழியை மண் கொட்டி மூடினாள். ஞாயிறு ஆராதனைக்குப் போனாள். எல்லோரும் கண்ணை மூடியபோது அவள் மட்டும் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்தாம் நாள் காலை ஜீவகுமார் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. பிள்ளையின் பொருள்களை வாங்கிப்போக வந்திருந்தான். இரண்டு சட்டை, ஒரு தலையணை, அந்தத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. லில்லி ஒவ்வொன்றாக எடுத்துவந்து பையில் வைத்தாள்.

"அஞ்சனா எப்டிப்பா இருக்குது?"

"நல்லா இல்லக்கா. அழவே மாட்டேங்கறா. பெத்தவ அழணும் இல்ல? செவுத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்கா. சாப்பாடும் எறங்கல. வாயில வெச்சா துப்பிடறா."

"ஏம்ப்பா?"

அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "அவதான் கொன்னுட்டாளாம். கொசு பேட்டு வேணாம்னு உங்ககிட்ட சொன்னாளாமே? அத யார்கிட்டயோ சொல்லியிருக்கா. எழவுக்கு வந்தவங்கள்ல ஒருத்தங்க, 'கொசுவப் பாத்தே, புள்ளையப் பாக்கலையே'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாங்க. அதுலருந்து இப்படி. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. நீங்களாச்சும் ஒருவாட்டி வந்து, பேட்டால ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பா."

லில்லி பையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "வரேம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷன் தேவசகாயத்திடம் அதைச் சொன்னாள். குழியில் கண்டதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பதறாத ஆள். சோற்றில் கையை வைத்தபடியே கேட்டான்.

"போயி இன்னா சொல்லப்போற?"

"உள்ளத சொல்லப்போறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனுக்கு? பேட்டால ஒண்ணியும் இல்லம்மா, காலி மனைக் கொசுன்னு சொல்லிட்டு வா. அதுக்கும் மனசு ஆறும், உனுக்கும் ஒண்ணும் ஆவாது."

"அத அவ புருஷன் நூறுவாட்டி சொல்லிட்டான். காதுல ஏறல. ஏன் ஏறும்? வெறும் சமாதானம்னு அவளுக்குத் தெரியுது."

"நீ சொன்னா மட்டும் செத்த புள்ள வந்துடுமா? நாளிக்கே ஊர் பூரா தெரியும். ஒரு புள்ள வராது. போலீசு, கேசுன்னு போனா? நீ வேணும்னா பண்ண? அறியாம பண்ணது."

"தண்ணி ஊத்தனது அறியாம பண்ணது. ஜனனிய அதும் மேல படுக்க வெச்சனே, அது?"

தேவசகாயம் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அவ பேட்டு வேணாம்னு சொன்னா. ஒரு உசுரயும் கொல்லக்கூடாதுன்னு நெனச்ச பொண்ணு. அவ பெத்த புள்ளைய அவளே கொன்னுட்டேன்னு சொல்லிக்கினு பட்டினியா கெடக்கறா. நான் மூணு வேளையும் துன்னுக்கினு இங்க நல்லவளா உக்காந்திருக்கேன். எனுக்கு முடியலங்க."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்தான். "ஏறு. நான் ரோட்டுலயே நிக்கறேன். அந்த வூட்டுக்குள்ள வர எனுக்குத் தைரியம் இல்ல" என்றான்.

முசரவாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜீவகுமார் பின்கட்டில் யாருடனோ நெல் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அஞ்சனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒடுங்கிப்போன முகத்தில் கண் மட்டும் பெரிசாக இருந்தது. லில்லியைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"உங்கமேல ஒரு தப்பும் இல்லக்கா. நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு இருந்தீங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"அஞ்சனாம்மா, நான் சொல்றத கேளு."

"எடுத்து மேல போட்டீங்க இல்ல? நான் சொன்னதாலதானே போட்டீங்க?"

"அந்த பேட்டு கையில இருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. கொசு வெளியருந்து வரல. எங்க வூட்டுக்குள்ளயே இருந்துச்சு." லில்லி அவள் எதிரில் உட்கார்ந்தாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னாள். குழி இருந்ததை, சிமெண்டு பூசியதை, வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றியதை, ஊற்றியதை இறைக்காமலே விட்டதை, டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததை. "அந்தப் பலகை மேலதாம்மா புள்ளைங்க படுக்கும். ஸ்ரேயா படுக்கற எடம் மூலைப் பலகை. கால்ல தடிப்பு பாத்தேன், வேர்க்குருன்னு நெனச்சு சந்தனம் தடவினேன். நீ ஒண்ணும் பண்ணலம்மா. பண்ணதெல்லாம் நானு."

அஞ்சனா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ நெல்லைக் காலால் துழாவுகிற சத்தம் வந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளிக்கெழம காலையில. நீங்க மெட்ராசுல இருந்தப்ப."

"ஆபீசருங்க வந்தாங்களே."

"அதுக்கு முன்னாலயே எறைச்சு காய வெச்சு மூடிட்டேன். அவரு பாக்கக்கூடாதுன்னு ஒரு புள்ளைய அதும் மேல தூங்க வெச்சேன்."

அஞ்சனா விரலை மடக்கி எண்ணுவதுபோலப் பார்த்தாள். "பதினஞ்சு நாள்" என்றாள். "பதினஞ்சு நாளா உங்களுக்குத் தெரியும். நான் இங்க இப்படிக் கெடக்கறேன். என்னை இப்படியே விட்டுட்டீங்களாக்கா?"

லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். அறைவாள், அறையட்டும் என்று காத்திருந்தாள். அஞ்சனா அறையவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

"அந்த எடம் குளுகுளுன்னு இருக்குமா?"

"இருக்கும்மா."

"நல்லா தூங்குவாளா?"

"தூங்கும். ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரம். நான் எழுப்பினாத்தான் எழும்."

"வீட்ல அரை மணி நேரம்கூட தூங்க மாட்டாக்கா" என்றாள் அஞ்சனா. "புழுங்குதும்மா, புழுங்குதும்மான்னு எழுந்து உக்காந்துப்பா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதடு கோணியது. பதினைந்து நாளாக வராத அழுகை, வீடு அதிர வந்தது. லில்லி தன்னையறியாமல் கையை நீட்டினாள். அந்தக் கையை அஞ்சனா தட்டிவிட்டாள். தட்டிவிட்டுத் தரையில் கவிழ்ந்து, நெற்றியைத் தரையில் மோதி மோதி அழுதாள்.

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து ஜீவகுமார் ஓடிவந்தான். கையெல்லாம் நெல் தூசு. பெண்டாட்டி அழுவதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் கண்ணும் நிரம்பியது.

"அழுதுட்டாளா? அப்பாடா, அழுதுட்டாளா? நீங்க வந்துதான்க்கா இது. எத்தினி பேரு வந்து சொல்லியும் நடக்கல. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

தூசு படிந்த இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் குவித்து அவன் லில்லியைக் கும்பிட்டான்.

லில்லி எழுந்து போய், குவிந்த அந்தக் கைகளைப் பிரித்துக் கீழே இறக்கினாள்.

"கும்புடாதப்பா" என்றாள். "இப்டி உக்காரு. உங்கிட்டயும் சொல்லணும்."